திருப்பிக் கொடுக்கப் படிவம் இல்லை

வியாழன் பதினொரு மணிக்கு
கட்டுக்காசுப் பெடியன் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
கொப்பியை விரித்தான்.
பிரிட்ஜையே கொண்டுபோ தம்பி என்றேன்.

பழுதோ அக்கா?
பழுதில்லை.
காசு இல்லையோ?
இருக்கு. அந்தா, மேசையில்.
பிறகேன்?

பிறகேன் என்பதற்கு
நானும் ஒரு கிழமையாய்ப் பதில் தேடுகிறேன்.
விசுவமடுவில், இரண்டுபேர் வீட்டில்,
குளிரவைக்க என்ன கிடக்கிறது?
மூன்று போத்தல் தண்ணீர்,
ஒரு தேங்காய்ப்பாதி,
ஞாயிறு வாங்கி மறந்த மீன்துண்டு.
இரவில் அது தன்பாட்டில் உறுமுகிறது.
நாங்கள் விழித்திருந்து
மாதாமாதம் அதற்குத் தீன் போடுகிறோம்.

பெயின்ற் அடிக்கத்தான்
சாமான் முழுவதையும் முற்றத்தில் இறக்கினோம்.
கண்ணாடி அலுமாரி, பதினொரு பிளாஸ்டிக் கதிரை,
சுவிஸ் மச்சாள் அனுப்பிய கம்பளிகள்
(இந்த வெயிலுக்கு),
பெட்டி பிரிக்காத இரண்டு கேத்தில்.
உள்ளே திரும்பிப்போய்
தும்புத்தடி எங்கே என்று கேட்டேன்.
என் குரல் நாலு சுவரிலும் பட்டு
எனக்கே திரும்பி வந்தது.
இந்த வீட்டில் இவ்வளவு இடம் இருந்ததை
எட்டு வருடத்தில் அன்றுதான் கண்டேன்.

நகுலேசன் வயலால் வந்தவர்
படலையடியில் சைக்கிளோடு நின்றுவிட்டார்.
முற்றத்தில் சாமான்.
மேலே திறந்த வானம்.
எங்கை போறம் என்றார்.
பகிடி மாதிரித்தான் கேட்டார்.
எங்கையும் போகேல்லை, பெயின்ற் அடிக்கிறம் என்றேன்.
அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை.

மூன்று நாள்
ஒரு பாய், ஒரு சட்டி, இரண்டு கோப்பை.
நாலாம் நாள்
எதையும் உள்ளே தூக்க எனக்குக் கை வரவில்லை.

அலுமாரி முன்பள்ளிக்கு.
கதிரைகள் வாசிகசாலைக்கு.
ஒரு கேத்தில் பக்கத்துவீட்டு யோகமலருக்கு.
அவள் அதை வாங்கமுதல்
என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.
வெளிநாடு சரிவந்திட்டுதோ?
வளவை விக்கிறியளோ?
உடம்புக்கு ஏதும்?
ஒன்றுமில்லையடி, கூடிப்போச்சு, அவ்வளவுதான்.
நம்பவில்லை.
ஆனாலும் கேத்திலை விடவில்லை.

சுவிஸ் மச்சாளுக்குச் சொன்னேன்.
அங்கே இப்ப எல்லாரும் இப்பிடித்தானாம்,
வீட்டில் நூறு சாமானுக்குமேல் வைப்பதில்லையாம்,
நீங்கள் வன்னியில் முதலே பழகினனீங்கள்தானே என்றாள்.
போனை வைத்துவிட்டேன்.
ஒரு சட்டியில் மூன்று குடும்பம்
முறைவைத்து உலை ஏற்றிய நாட்கள் அவை.
கஞ்சி வடித்த ஆளும்
குடித்த ஆளும் அடுத்தநாள் இருக்கவில்லை.
அதற்கு எளிமை என்று பேர் வைக்கிறவளோடு
எனக்குக் கதையில்லை.

இது வேறு. இது எப்படி வேறு என்று
எனக்கு வடிவாய்ச் சொல்லத் தெரியாது.
இந்தமுறை கதவு திறந்திருக்கிறது,
ஒருவரும் துரத்தவில்லை,
நான்தான் தூக்கிக் கொடுக்கிறேன்.
ஒவ்வொன்றுக்கும் எனக்கு நேரம் இருக்கிறது.

பெடியன் கிளிநொச்சிக் கந்தோருக்குப் போன் எடுத்தான்.
அங்கே யாரோ மனேச்சரிடம் கேட்டு
மனேச்சர் யாரிடமோ கேட்டு
வந்த மறுமொழியை அவன் கூச்சத்தோடு சொன்னான்.
திருப்பிக் குடுக்கிறதெண்டு ஒரு படிவம் இல்லையாம் அக்கா.
மூண்டு தவணை கட்டாமல் விடுங்கோ,
நாங்களே ஆக்களோடை வந்து தூக்குவம்.
பறிக்கிறதெண்டால் படிவம் இருக்கு.

நான் சிரித்த சிரிப்பில்
கோழி மதிலால் பாய்ந்தது.
அவனும் சிரித்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றி
குளிர்தண்ணி இருக்கோ அக்கா என்றான்.
முழுப் போத்தலையும் நீட்டினேன்.
குடி, உங்கட தண்ணிதான்.

பின்னேரம் அறைக்கதவின் பின்னாலிருந்து
நகுலேசன் அந்தத் தறப்பாளை எடுத்தார்.
நீலம் வெளிறி, மூலையில் ஓட்டை.
கயிறு சுற்றியபடி.
முற்றத்தில் முழுதாய் விரித்தார்.
சுற்றிவந்து பார்த்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூலைக்கு மூலை பிடித்து
நாலாய் மடித்து
எட்டாய் மடித்து
அதே கதவின் பின்னால் வைத்தார்.

அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.